ரேய்: ஹுசைனின் உயிருக்கு விலையாகப் பேசப்பட்ட நகரம்

செவ்வாய்

ஈரானுக்கு ஜியாரத், அதாவது பெரியோர்களின் அடக்கத்தலங்களைத் தரிசிக்கும் பயணம், போகிறவர்கள் பெரும்பாலும் மஷ்ஹத், கும் என இரண்டு ஊர்களைப் பார்த்துவிட்டு தெஹ்ரானில் விமானம் ஏறிவிடுகிறார்கள். தெஹ்ரானின் தெற்கு ஓரத்தில், மெட்ரோவில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ரேய் விடுபட்டுப் போகிறது. வருகிறவர்களும் நபி வம்சத்தவரான ஷா அப்துல் அழீமின் தர்காவில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது போதவே போதாது. நபியின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவின் கதையில் இந்த ஊருக்கு ஒரு கசப்பான இடம் உண்டு. அது தெரிந்து அந்த வாசலில் நிற்பது வேறு, தெரியாமல் நிற்பது வேறு. அதை வியாழக்கிழமைப் பதிவில் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் வழி. தெஹ்ரான் மெட்ரோவின் முதல் தடத்தில் தெற்கே வந்தால் 'ஷஹ்ரே ரேய்' நிலையம். அங்கிருந்து தர்காவுக்கு நடந்தோ பகிர்வு டாக்ஸியிலோ போகலாம். ஆறாம் தடத்தின் தென்கோடியில் 'ஹரமே அப்துல் அழீம்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. தர்கா மட்டும் பார்ப்பவர்களுக்கு அதுதான் கிட்டம். வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் தடத்திலேயே ரேய்க்கும் தெற்கே 'ஹரமே முதஹ்ஹர்' என்று ஒரு நிலையம் வரும். அது ஆயத்துல்லா கொமெய்னியின் அடக்கத்தலம். வழி கேட்கும்போது வெறுமனே 'ஹரம்' என்று சொன்னால் அங்கே அனுப்பிவிடுவார்கள். 'ஷா அப்துல் அழீம்' என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ரயிலின் முன்கோடியிலும் பின்கோடியிலும் இருக்கும் பெட்டிகள் பெண்களுக்கானவை. ஆண்கள் அவசரத்தில் அதில் ஏறிவிடக் கூடாது.

பணம் ரொக்கமாகவே இருக்க வேண்டும். பொருளாதாரத் தடைகளால் வெளிநாட்டு வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது. நோட்டில் அச்சிட்டிருப்பது ரியால், கடைக்காரர் வாயில் வருவது தூமான். ஒரு தூமானுக்குப் பத்து ரியால். விலையை எழுதிக் காட்டச் சொல்லி, ரியாலா தூமானா என்று கேட்டுக்கொண்டால் வம்பில்லை.

இன்று பார்க்க வேண்டியது சஷ்மே அலி என்ற ஊற்று. தர்காவுக்கு முன்பே இங்கே வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கே அல்போர்ஸ் மலைத்தொடர், தெற்கே கவீர் உப்புப் பாலைவனம். இடையில் இருக்கும் ஒடுங்கிய நிலம்தான் மேற்கிலிருந்து குராசானுக்குப் போகும் பெருவழி. அந்த வழியில் வற்றாத ஊற்று ஒன்று சுண்ணாம்புப் பாறையின் அடியிலிருந்து பொங்கியது. படையானாலும் வணிகக் கூட்டமானாலும் இங்கே தங்காமல் போக முடியாது. ஊர் பிறந்தது அதனால்தான்.

1934 முதல் 1936 வரை தொல்லியலாளர் எரிக் ஷ்மிட் இங்கே அகழாய்வு செய்தார். சிவப்பு மண்ணில் கறுப்புக் கோடுகளால் ஆட்டு உருவங்களும் வேறு வடிவங்களும் தீட்டிய மெல்லிய பானைகள் கிடைத்தன. ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழமை. அந்தப் பாணிக்கே சஷ்மே அலி என்றுதான் தொல்லியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் 'ரகா' என்று வருவது இந்த ஊர். கி.மு. 330இல் மூன்றாம் தாரியஸைத் துரத்திக்கொண்டு அலெக்சாந்தர் பதினோராம் நாள் இங்கே வந்து சேர்ந்தபோது, வீரர்கள் பலர் வழியிலேயே தங்கிவிட்டார்கள், குதிரைகள் செத்து விழுந்தன. தாரியஸ் அதற்குள் காஸ்பியன் கணவாயைக் கடந்துவிட்டதால் ஐந்து நாள் படைக்கு ஓய்வு கொடுத்தார். பிறகு செலூக்கஸ் இதற்கு 'யூரோபோஸ்' என்று பெயர் மாற்றினார், பார்த்தியர்கள் 'அர்சாகியா' என்றார்கள், அப்பாசியக் கலீஃபாக்கள் 'முஹம்மதிய்யா' என்றார்கள். எதுவும் ஒட்டவில்லை. பழைய பெயரே நிலைத்தது.

ஊற்றுக்கு மேலே பாறையில் செதுக்கியிருப்பது கஜார் மன்னர் ஃபத் அலி ஷாவும் அவர் மகன்களும், 19ஆம் நூற்றாண்டு வேலை. இடுப்பு வரை தொங்கும் தாடியை வைத்தே அவரை எந்தப் படத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். இதே ஊரில் இன்னொரு பாறையில் இருந்த சாசானியர் காலச் சிற்பத்தை அழித்துவிட்டு, அதன் மேல் தன் சிங்க வேட்டையைச் செதுக்க வைத்தவரும் இவர்தான். அது பெரிய இழப்பு.

இந்தத் தண்ணீரில் அலசினால் கம்பளத்தின் நிறம் எடுப்பாகும் என்று தெஹ்ரான் கம்பளங்களையெல்லாம் இங்கே கொண்டுவந்து, கழுவி, பாறைச் சரிவு முழுக்க விரித்துக் காயவைப்பது ஒரு காலத்துக் காட்சி. அந்தப் பழைய படங்களை நம்பி வர வேண்டாம். நிலத்தடி நீர் இறங்கி ஊற்று வற்றிப்போவது உண்டு. பாறை காலடி பட்டுப் பட்டு மழமழவென்று தேய்ந்திருக்கிறது. ரப்பர் அடி போட்ட செருப்பு இல்லாமல் மேலே ஏறாதீர்கள்.

புதன்

இன்று துக்ரில் கோபுரமும் இப்னு பாபவைஹ் மையவாடியும் (இடுகாடு). இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலை வெயில் ஏறுவதற்குள் கோபுரத்தை முடித்துவிடுவது நல்லது.

செங்கல் கோபுரம், உயரம் ஏறக்குறைய 20 மீட்டர். உச்சியில் இருந்த கூம்புக் கூரை என்றோ விழுந்துவிட்டது, இப்போது மேலே திறந்த வானம். வெளிச்சுவர் வழுவழுப்பாக இல்லாமல் 24 விளிம்புகளாக மடிந்து மடிந்து வருகிறது. அழகுக்கு மட்டும் செய்ததல்ல அது. நெளித்த தகரம் தட்டைத் தகரத்தைவிட வளையாமல் நிற்பதுபோல, இந்த மடிப்புகள் சுவரை விறைப்பாக்குகின்றன. ரேய் பூகம்ப நிலம். 958இலும் 1177இலும் பெரிய அதிர்ச்சிகள் இந்த வட்டாரத்தைக் குலைத்தன. 1177க்குப் பிறகும் நிற்கிற கட்டடம் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கொத்தனார்களின் அருமை புரியும். நிழல் எந்த மடிப்பில் விழுகிறது என்பதை வைத்து நேரம் சொல்லலாம் என்று காவலர்கள் காட்டுவார்கள். நின்று பார்க்கத் தகுந்தது. உள்ளே நட்டநடுவில் நின்று மெதுவாகப் பேசினாலும் குரல் பெருகிக் கேட்கும்.

செல்ஜூக் சுல்தான் துக்ரில் பேக் 1063இல் இந்த ஊரில்தான் இறந்தார். கோபுரத்தின் காலமோ 1139-40. அதனால் உள்ளே அடங்கியிருப்பது அவர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. 1884இல் நாசிருத்தீன் ஷா காலத்தில் மேல்பகுதியைப் பழுதுபார்த்திருக்கிறார்கள். செங்கல்லின் நிறத்திலேயே பழையது எது, ஒட்டுவேலை எது என்று பிரித்தறியலாம்.

துக்ரிலுக்கு முந்திய நூற்றாண்டுதான் ரேயின் பொற்காலம் என்போம். ஷியா அரசர்களான புவைஹிகள் ஆண்ட காலம். அதற்குச் சற்று முன்பு, 865 வாக்கில் இங்கே பிறந்த அபூபக்ர் அல்ராஸி இந்த ஊர் மருத்துவமனையை நடத்தியவர்; பெரியம்மையும் தட்டம்மையும் வேறு வேறு நோய்கள் என்று அடையாளங்களோடு பிரித்து எழுதியவர். 'ராஸி' என்றாலே ரேய்க்காரர். புவைஹி அமைச்சர் சாஹிப் இப்னு அப்பாதின் நூலகம் அந்நாளில் பேர்பெற்றது. இளம் அரசன் மஜ்துத் தவ்லாவுக்குப் பதிலாக அவன் தாய் சைய்யிதா ஷிரீன் நாட்டை நடத்தினார். இப்னு சீனா இவர்களிடம் மருத்துவராக இருந்திருக்கிறார்.

நம் பள்ளிப் பாடத்தில் சோமநாதபுரத்தோடு நின்றுவிடும் கஜினி முகமது இங்கும் வந்தார். கப்பம் கேட்டு மிரட்டிய அவருக்கு ஷிரீன் சொன்னதாக ஒரு மறுமொழி வழங்குகிறது: நான் தோற்றால் ஒரு விதவையை வென்ற பெருமை உங்களுக்கு, நீங்கள் தோற்றால் அந்த இழிவு என்றைக்கும் போகாது. அவர் உயிரோடு இருந்தவரை முகமது வரவில்லை. அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1029இல், ரேய் விழுந்தது. நூலகத்துப் புத்தகங்கள் எரிந்தன.

மையவாடிக்கு வருவோம். ஷைகு சதூக் என்றறியப்படும் இப்னு பாபவைஹ் 991இல் இங்கே அடங்கினார். ஷியாக்கள் தலைமேல் வைத்துப் போற்றும் நான்கு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் ஒன்று அவருடையது. அவற்றில் முதலாவதான 'அல்காஃபி'யைத் தொகுத்த குலைனியும் ரேய் வட்டாரத்துக் குலைன் என்ற ஊர்க்காரர். நான்கில் இரண்டு இந்த மண்ணிலிருந்து! கும் நகரத்து மதரஸாக்களின் புகழுக்கு நடுவே இதைப் பலரும் நினைப்பதில்லை. மல்யுத்த வீரர் குலாம்ரிஸா தக்தியின் கப்றும், அதாவது கல்லறையும், இங்கேதான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 1968 ஜனவரியில் மறைந்தார். அவர் நினைவு நாளான ஜனவரி 7இல் கூட்டம் நெரியும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

இவ்வளவு பெரிய நகரம் எங்கே போயிற்று? மங்கோலியர் 1220இல் அழித்தார்கள் என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். அதே ஆண்டில் மங்கோலியருக்குத் தப்பி இவ்வழியே போன புவியியலாளர் யாகூத், ஏற்கெனவே பாழாய்க் கிடந்த தெருக்களைப் பார்த்து விசாரித்து எழுதிவைத்திருக்கிறார். சன்னிகளில் இரு பிரிவினரான ஹனஃபிகளும் ஷாஃபிகளும் சேர்ந்து ஷியாக்களை ஒழித்தார்கள். பிறகு அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். சூறைக்குப் பயந்து வீடுகளை நிலத்துக்கு அடியில் கட்டி, இருட்டு வழிகள் வைத்து, ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். மங்கோலியர் வந்தபோது காப்பாற்ற ஊர் என்று அதிகம் மிச்சமில்லை. அப்போது பக்கத்தில் ஒரு கிராமமாக இருந்த தெஹ்ரான்தான் பின்னால் தலைநகரானது.

வியாழன்

வியாழன் மாலையில் துஆ குமைல் என்ற பிரார்த்தனையை ஓதும் கூட்டம் வரும். சூழலை உணர அதுதான் நேரம். கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே வந்துவிட வேண்டும்.

இப்போது கர்பலா. கி.பி. 680இல் ஈராக்கிலுள்ள கூஃபாவின் ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாத், உமர் இப்னு சஅத் என்பவருக்கு ரேயின் ஆளுநர் பதவியை எழுதிக் கொடுத்திருந்தார். புறப்படும் நேரத்தில் ஒரு நிபந்தனை வந்தது: முதலில் ஹுசைனை எதிர்கொள், பிறகு ரேய்க்குப் போ. முடியாது என்றால் நியமனக் கடிதத்தைத் திருப்பிக் கொடு. உமர் ஓர் இரவு அவகாசம் கேட்டார். நபியின் பேரனைக் கொன்ற பழியா, செழித்த ரேயின் ஆட்சியா என்று விடியும்வரை தவித்தார். விடிந்ததும் ரேயைத் தேர்ந்தார். ரேயின் கோதுமை உனக்குச் சாப்பிடக் கிடைக்காது என்று இமாம் ஹுசைன் அவரிடம் சொன்னதாக ஷியாக்கள் முஹர்ரம் மஜ்லிஸ் எனும் துக்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் சொல்லி அழுகிறார்கள். பதவி கிடைக்கவேயில்லை. சில ஆண்டுகளில், ஹுசைனின் கொலைக்குப் பழிவாங்கக் கிளம்பிய முக்தாரின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள்.

அந்த ஊருக்குத்தான் ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து அப்துல் அழீம் அல்ஹஸனி ஒளிந்து வந்தார். அப்பாசியரின் தேடுதலுக்குத் தப்பி, ஒரு ஷியாவின் வீட்டு நிலவறையில் தங்கினார். பகலில் நோன்பு, இரவில் தொழுகை, அவ்வப்போது யாருக்கும் தெரியாமல் எதிரே இருந்த ஒரு கப்றுக்கு ஜியாரத். மெல்ல மெல்ல ஊர் ஷியாக்கள் அறிந்து வரத் தொடங்கினார்கள். நோயில் இறந்து, குளிப்பாட்ட உடையைக் களைந்தபோது ஒரு சீட்டுக் கிடைத்தது. அதில் தன் பெயரையும், தந்தை அப்துல்லாஹ், அவர் தந்தை அலி, பிறகு ஹஸன், ஸைத், இமாம் ஹஸன், அலீ இப்னு அபீதாலிப் என்று வம்ச வரிசையையும் எழுதிவைத்திருந்தார். உயிரோடு இருக்கையில் சொன்னால் ஆபத்து என்பதால் சடலத்தோடு சேர்த்துச் சொன்ன அடையாளம் அது. ஒரு தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் அடக்கினார்கள்.

அப்துல் அழீமின் கப்றை ஜியாரத் செய்தவர் கர்பலாவில் ஹுசைனை ஜியாரத் செய்தவரைப் போன்றவர் என்று ஷியாக்களின் பத்தாம் இமாம் ஹாதி ரேயிலிருந்து வந்த ஒருவரிடம் சொன்னதாக அறிவிப்பு. எந்த ஊருக்காக ஹுசைனின் இரத்தம் விலைபேசப்பட்டதோ, அந்த ஊருக்கே கர்பலாவின் ஈடு கிடைத்திருக்கிறது. இந்த ஜியாரத்தின் கனம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

நடைமுறைக்கு வருவோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாசல் தனித்தனி, இரண்டிலும் பைச் சோதனை உண்டு. பெண்களுக்குச் சாதர் கட்டாயம். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே தருவார்கள். அது அரைவட்டத் துணி, பொத்தானோ கொக்கியோ இருக்காது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் தோளில் குறுக்காக மாட்டும் பை மட்டுமே வசதி. பெரிய கேமராவைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி உளூ செய்துவிட்டு, செருப்பைக் காக்கும் இடமான கஃப்ஷ்தாரியில் கொடுத்தால் எண் போட்ட வில்லை தருவார்கள். எந்தக் கஃப்ஷ்தாரி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேறு வாசலில் வெளியே வந்துவிட்டு வெறுங்காலோடு முற்றத்தைச் சுற்றுபவர்கள் நிறைய.

உள்வாசலில் அனுமதி கேட்கும் துஆ எழுதித் தொங்கும். அதை ஓதி, வலக்கால் வைத்து நுழைய வேண்டும். வண்ண இறகுத் துடைப்பத்தோடு நிற்பவர்கள் காதிம்கள், தர்கா ஊழியர்கள். வழியை மறித்து நின்றால் தோளில் இறகால் மெல்லத் தொட்டு நகரச் சொல்வார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ழரீஹ் எனும் கிராதியைத் தொட்டு ஸலாம் சொல்லி, ஜியாரத் வாசகம் ஓதி, தலைமாட்டுப் பக்கம் இரண்டு ரக்அத் தொழுவார்கள். தொழும்போது நெற்றி படும் இடத்தில் வைக்கும் களிமண் வில்லைகள் பெட்டியில் இருக்கும்; எடுத்ததைத் திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். முதுகைக் காட்டாமல் பின்னடியாகவே வெளியேறுவது வழக்கம். முஸ்லிம் அல்லாதவர்கள் முற்றத்தோடு நிற்காமல் உள்ளே போக விரும்பினால் காதிமிடம் கேட்டுவிட்டுப் போவதே முறை.

பொன் கும்மட்டம் நாசிருத்தீன் ஷா போர்த்தியது. உள்ளே கஜார் காலக் கண்ணாடி வேலை. விளக்கு ஒன்று ஏற்றினால் ஆயிரம் துண்டில் தெறிக்கும். எட்டாம் இமாம் ரிஸாவின் சகோதரர் ஹம்ஸாவின் கப்றும் இந்த வளாகத்திலேயே இருக்கிறது. அப்துல் அழீம் ஒளிந்து போய் ஜியாரத் செய்த கப்று அதுதான் என்பது நம்பிக்கை. தாஹிர் என்ற இன்னொரு இமாம்ஸாதாவின் (இமாம் வம்சத்தவர்) கப்றும் இங்கே உண்டு. மூன்றையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இந்தத் தர்காவுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. உள்ளே வந்து அடைக்கலம் புகுந்தவரை அரசு தொடக் கூடாது. 'பஸ்த்' என்பது அந்த மரபு. ஷாவை எதிர்த்த ஜமாலுத்தீன் அஃப்கானி இங்கே பஸ்த் இருந்தார். 1891 ஜனவரிக் குளிரில், நோயாளி என்றும் பாராமல், மரபை மீறி இழுத்து வெளியேற்றி நாடு கடத்தினார்கள். அவருடைய சீடர் மிர்ஸா ரிஸா கெர்மானி, 1896 மே 1ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆட்சிப் பொன்விழாவுக்குச் சில நாள் முன்பு ஜியாரத்துக்கு வந்த நாசிருத்தீன் ஷாவை இதே தர்காவுக்குள் சுட்டுக் கொன்றார். தலைநகரில் கலகம் வெடிக்காமல் இருக்க, அமைச்சர் அமீனுஸ் சுல்தான் சடலத்தை வண்டியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஷா உயிரோடிருப்பதாகக் காட்டியபடியே தெஹ்ரான் கொண்டுபோனார் என்பார்கள். ஷாவையும் இங்கேதான் அடக்கினார்கள். அவர் உருவம் செதுக்கிய பளிங்குக் கல் இப்போது தெஹ்ரான் குலிஸ்தான் அரண்மனையில்.

ருஷ்ய-ஜப்பான் போரால் ருஷ்யச் சர்க்கரை வரத்து குறைந்து விலை ஏறியது. 1905 டிசம்பரில், விலையைக் குறைக்கச் சொல்லி தெஹ்ரான் ஆளுநர் சர்க்கரை வணிகர்களை உள்ளங்காலில் பிரம்படி வாங்க வைத்தார். கடைத்தெரு மூடியது. தபாதபாயி, பெஹ்பஹானி என்ற இரு முஜ்தஹிதுகள் (மூத்த மார்க்க அறிஞர்கள்) தலைமையில் கூட்டம் இந்தத் தர்காவுக்கு வந்து பஸ்த் இருந்தது. கேட்டது நீதி மன்றம் ஒன்று. அந்தக் கோரிக்கைதான் வளர்ந்து 1906 ஆகஸ்ட்டில் ஈரானின் அரசியலமைப்பு ஆணையாக முடிந்தது.

பக்தர்களுக்காகவே 1888இல் தெஹ்ரானிலிருந்து இங்கே ஒன்பது கிலோமீட்டருக்குள் ஒரு நீராவி ரயில் ஓடியது. மக்கள் அதைப் 'புகை இயந்திரம்' என்றார்கள்.

ஜியாரத் முடிந்தால் கபாப். கடைத்தெருவில் கூபிதே கபாபுக்குத் தனிப்பேர். அடுப்பருகே நின்று பாருங்கள். கொழுப்போடு சேர்த்து இரண்டு முறை அரைத்த ஆட்டுக்கறி, துருவிய வெங்காயம், உப்பு. வெங்காயச் சாற்றைப் பிழிந்துவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் கறி கம்பியிலிருந்து நழுவிக் கனலில் விழும். பசைபோல ஒட்டும்வரை பிசைந்து, குளிரவைத்து, தட்டைக் கம்பியில் அப்பி, இரு விரலால் இடைவிட்டு அமுக்கிப் பள்ளம் போடுவார்கள். கனலில் வைத்ததும் ஒரு பக்கமாக விட்டுவிடாமல் உடனுக்குடன் திருப்பி இரு முகத்தையும் இறுகவைப்பதில்தான் கைவேலை. ரொட்டி, பச்சை வெங்காயம், துளசி வகையான ரைஹான் தழை, சுமாக் தூள், மோர் போன்ற தூக். அரிசிச் சோறு கேட்காதீர்கள். இங்கே ரொட்டியோடுதான் ருசி.

வெள்ளி

தென்கிழக்கே பீபி ஷஹர்பானூ மலை. கடைசி சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்தின் மகளும் இமாம் ஹுசைனின் மனைவியுமான ஷஹர்பானூ, கர்பலாவிலிருந்து தப்பி இங்கே வந்தபோது மலை பிளந்து அவரை உள்வாங்கிக்கொண்டது என்பது ஐதீகம். வரலாறு இதை ஏற்காது. ஷஹர்பானூ பெற்ற மகன் என்று சொல்லப்படும், ஹுசைனின் மகன் இமாம் ஸைனுல் ஆபிதீனின் தாய் பிரசவத்திலேயே இறந்ததாகத்தான் பழைய ஷியா நூல்கள் சொல்கின்றன. நீர்த் தேவதை அனாஹிதாவின் பழைய தலமே பெயர் மாறியிருக்கலாம் என்று ஆய்வாளர் மேரி பாய்ஸ் கருதினார். பெண்கள் நேர்ந்துகொண்டு வரும் இடம் இது. பாரசீக இளவரசி ஒருத்தி நபி குடும்பத்தில் சேர்ந்தாள் என்று ஈரானியர்கள் ஏன் இவ்வளவு ஆசையோடு நம்பினார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே மலையில் ஸொராஸ்திரியர்கள் இறந்த உடலைப் பறவைகளுக்கு விட்ட வட்டச் சுவரின் மிச்சம் இருக்கிறது. நிழலே கிடையாது. கோடையில் காலை ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும்; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். மலையிலிருந்து திரும்பி வர வண்டி கிடைப்பது கஷ்டம்.

சனி

தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில் ரேயின் பானைகளைப் பார்க்காமல் இந்தப் பயணம் முடியாது. சஷ்மே அலியின் சிவப்புப் பானை ஒரு முனை, உலோகம்போல் மின்னும் செல்ஜூக் காலப் பீங்கான் மறுமுனை.

ஒரு எச்சரிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேய் மேடுகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி வியாபாரிகள் உலகம் முழுக்க விற்றார்கள். எங்கே தோண்டியதையும் 'ரேய்ப் பாண்டம்' என்று சொன்னால் விலை கூடியது. 1925 வாக்கில் பீபி ஷஹர்பானூ மலைப் பக்கத்துக் கல்லறைகளில் கிடைத்ததாகச் சொல்லி 'புவைஹிப் பட்டு' சந்தைக்கு வந்தது. பெரிய அருங்காட்சியகங்களே வாங்கின. பின்னால் கரிமக் காலக்கணிப்பு செய்ததில் பல துணிகள் புதியவை என்று தெரிந்தது. ஆகவே கடைத்தெருவில் யாராவது காகிதத்தில் சுற்றிய பானைச் சில்லை எடுத்து, ரேயில் தோண்டியது என்று காட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போகும். அசலாக இருந்தால் தொல்பொருள் கடத்தல் குற்றம், விமான நிலையத்தில் பிடிபடுவீர்கள். வாங்க வேண்டுமென்றால் தர்காக் கடைத்தெருவில் குங்குமப்பூ போட்ட நபாத் கற்கண்டும் ஸோஹான் மிட்டாயும் இருக்கின்றன. ஸோஹானை டப்பா மூடியை ஒட்டி வாங்குங்கள். ஈரக்காற்று பட்டால் இரண்டே நாளில் மொறுமொறுப்புப் போய்விடும்.